எல்லா நீர்க்கடுப்பும் சூட்டால் வருவதில்லை

கடலூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று சொல்லாத ஆள் கிடையாது. துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர், நாளெல்லாம் வண்டியில் டெலிவரி சுற்றுகிற பையன், எல்லோருக்கும் வீட்டில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: இளநீர் குடி, மோர் குடி, வெந்தயத்தை முழுங்கு, ராத்திரி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிப் படு. பெரும்பாலும் அதிலேயே சரியாகியும் போய்விடும். ஆனால் சூட்டில் வரும் கடுப்பும் கொனோரியாவில் வரும் எரிச்சலும் முதல் ஒரு நாள் ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இளநீரிலேயே பத்து நாளை ஓட்டிவிடுகிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொனோரியா என்பது உடலுறவில் தொற்றும் பாக்டீரியா நோய். பெரியவர்கள் வெட்டை, மேகவெட்டை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1879-இல் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார், அதனால் கிருமிக்கே நைசீரியா என்று அவர் பெயர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் 8.24 கோடிப் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை "அந்த மாதிரி ஆட்களுக்கு வரும் நோய்" என்று ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை. கல்யாணமாகி வீட்டைவிட்டு வெளியே போகாத பெண்ணுக்கும் வரும், புருஷன் வழியாக.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சூட்டுக் கடுப்பு என்றால் சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் ஒன்றிரண்டு நாளில் அடங்கும், வேறு எதுவும் வராது. கொனோரியா என்றால் உறவு வைத்துக்கொண்டு இரண்டு முதல் ஐந்து நாளில், சிலருக்கு இரண்டு வாரம் வரை கழித்து, எரிச்சல் ஆரம்பிக்கும். கூடவே ஆணுறுப்பின் நுனியில் சீழ் வரும். முதலில் வெள்ளையாகக் கொஞ்சம், அப்புறம் கெட்டியாக மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சள். காலையில் எழுந்ததும், சிறுநீர் போகும் முன்னால் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். ஜட்டியில் காய்ந்து கறையாக இருக்கும். எத்தனை இளநீர் குடித்தாலும் இது நிற்காது. சிலருக்கு ஒரு பக்க விதை வீங்கி வலிக்கும், அந்த நிலைக்கு வந்துவிட்டால் நாளை என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், இளவயது ஆண்களுக்குச் சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன் அவ்வளவு சுலபமாக வராது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு எரிச்சலும் சீழும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பால்வினை நோயின் மேல்தான் விழ வேண்டும்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அந்தச் சீழைப் பார்த்துவிட்டுத் தாது இறங்குகிறது, நரம்பு தளர்ந்துவிட்டது, ஆண்மை போய்விடப் போகிறது என்று பயந்துகொள்வது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவரிலும் மூத்திரச் சந்திலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள் எல்லாம் இந்தப் பயத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. மாதத்தில் இந்தத் தேதி, இந்த லாட்ஜில், பரம்பரை வைத்தியர் முகாம் என்று போட்டிருப்பார்கள். போனால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் லேகியம் கட்டிக் கொடுப்பார்கள். தாது என்று நீங்கள் நினைப்பது தாது அல்ல, கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள். அதற்கு லேகியத்தில் வைத்தியம் இல்லை.

அடுத்தது மருந்துக்கடை. இந்தப் பேச்சு கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, ஒண்ணுக்குப் போனா எரியுது, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க."

"எத்தன நாளா இருக்கு?"

"மூணு நாள் இருக்கும்ணே. சூடுதான்."

பக்கத்தில் டானிக் வாங்க ஒரு அம்மா நிற்கிறார். கடைக்காரர் அதற்கு மேல் கேட்க மாட்டார், வந்தவரும் சொல்ல மாட்டார். நான்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, எரிச்சலுக்கு ஒரு சிரப், காகிதப் பையில் சுற்றிக் கைக்கு வந்துவிடும். அந்த மாத்திரை சாதாரண யூரின் தொற்றுக்குப் பல சமயம் கேட்கலாம், ஆனால் கொனோரியா கிருமி அதை எப்போதோ தோற்கடித்துவிட்டது. இந்தியாவிலும் சரி, ஆசியாவின் பெரும்பகுதியிலும் சரி, சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கொனோரியா அடங்குவதில்லை. அமெரிக்காவே 2007-இல் அந்த வகை மருந்துகளை இந்த நோய்க்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

இதில் கிருமியின் கதையே விசித்திரமானது. 1930-களில் சல்ஃபா மருந்து வந்தபோது ஒழிந்தது தொல்லை என்றார்கள், பத்துப் பதினைந்து வருஷத்தில் அது கேட்காமல் போனது. பிறகு பென்சிலின் வந்தது. 1976-இல் பென்சிலினையே உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கும் கொனோரியா கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் டெட்ராசைக்ளின் போனது, சிப்ரோ போனது. ஜப்பானின் கியோட்டோவில் 2009-இல் ஒருவருடைய தொண்டையில் எடுத்த கிருமி, கடைசி அரணாக வைத்திருந்த செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே மசியவில்லை. நான்கு மாத்திரை வாங்கி இரண்டைப் போட்டுவிட்டு, எரிச்சல் குறைந்ததும் மீதியைப் பர்ஸில் வைத்துக்கொள்கிற ஒவ்வொரு ஆளும் இந்தக் கிருமிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அரைகுறை டோஸில் சாகாமல் தப்பிப் பிழைப்பது எதுவோ அதுதான் அடுத்த ஆளுக்குப் போகும்.

எரிச்சல் குறைந்தால் நோய் போய்விட்டது என்பதும் பொய்க்கணக்கு. மருந்தே எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் சீழ் தானாகவே குறைந்துவிடலாம். கிருமி உள்ளேயே இருக்கும், மற்றவருக்குத் தொற்றும். "எனக்குத் தானாவே சரியாப் போச்சு" என்று சொல்கிறவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்.

பெண்களுக்கு

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கொனோரியா உண்மையில் சேதம் செய்வது பெண்களிடம்தான். ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவது எதிர்த்திசையில் தொற்றுவதைவிட எளிது, ஆனால் தொற்றிய பெண்களில் ஏராளமானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. இருந்தாலும் வெள்ளைப்படுவது கொஞ்சம் கூடும், ஒன்றுக்குப் போகும்போது லேசாக எரியும், மாதவிலக்குக்கு நடுவில் திட்டுத் திட்டாக ரத்தம் படும், உறவின்போது அடிவயிறு வலிக்கும். வெள்ளைப்படுதல் என்று சொன்னதுமே வீட்டில் என்ன சொல்வார்கள்? உடம்பு சூடு, சத்துக் குறைவு, சோற்றுக்கற்றாழையைச் சாப்பிடு. அவளுக்கே அது நோய் என்று தோன்றாது.

விட்டுவிட்டால் கிருமி கர்ப்பப்பை வழியாகக் கருக்குழாய்க்கு ஏறும். அங்கே புண்ணாகித் தழும்பு விழுந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது கரு குழாயிலேயே தங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. கல்யாணமாகிச் சில வருஷம் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றி, கடைசியில் ஸ்கேன் பார்த்து "டியூப்ல அடைப்பு" என்று சொல்லும்போது, அதற்குக் காரணம் என்றைக்கோ புருஷனுக்கு வந்து "சரியாப்போன" ஒரு நீர்க்கடுப்பாகவும் இருக்கலாம். பழி மட்டும் அவள் தலையில் விழும். அதனால் காய்ச்சலோடு அடிவயிறு வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, புருஷனுக்கோ துணைக்கோ சீழ் வருவது, இதில் எது இருந்தாலும் பரிசோதனை வேண்டும். அவருக்கு இருந்து உங்களுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் வேண்டும்.

இனப்பெருக்க உறுப்பில் மட்டும் வரும் நோயல்ல இது. வாய்வழி உறவில் தொண்டைக்கு வரும், பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆசனவாயில் வந்தால் சீழ், வலி, ரத்தம். சீழ் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்ணிலும் வரும். அபூர்வமாக ரத்தத்தில் கலந்து முழங்கால், மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக வீங்க வைக்கும். எதனால் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பொதுக் கக்கூஸ், சில்வர் பீச் கடலில் குளிப்பது, ஒரே சோப்பு, ஒரே டம்ளர், வெயிலில் சூடான பைக் சீட். உடம்பைவிட்டு வெளியே வந்தால் இந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது.

எங்கே போவது

தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு வழி நேரானது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் "சுகவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிய ஒரு அறை இருக்கும். அது பால்வினை நோய்களுக்கானது என்று வெளியே பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள், அதுவும் ஒரு வசதிதான். ஹெச்ஐவி பரிசோதனைக்கு "நம்பிக்கை மையம்". இரண்டிலும் ஆலோசகர் இருப்பார், மருந்தும் பரிசோதனையும் இலவசம். புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேட்டில் ஜிப்மர், அங்கே தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது; கூட்டம் எப்போதும் போல இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள். பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டலாம். எங்கே போவதென்றே குழப்பமாக இருந்தால் 1097-க்கு அழையுங்கள், அது எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் கிடையாது, பால்வினை நோய் பற்றியும் கேட்கலாம்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். அதற்காகத்தான் கடலூர்க்காரர் பஸ் ஏறி முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி போகிறார், புதுச்சேரிக்காரர் கடலூர் வருகிறார். தாராளமாகச் செய்யுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. தள்ளிப்போடாமல் போவதுதான் முக்கியம்.

போகும்போது ஒன்று கவனியுங்கள். ஆண்கள் பரிசோதனைக்கு முன் ஒன்றிரண்டு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சீழ் கழுவிப் போய்விடும். காலையில் வீட்டில் முடித்துவிட்டுச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தால் டாக்டருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. உள்ளே போனதும் "சூடு சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "சார், பத்து நாளைக்கு முன்னாடி காண்டம் இல்லாம உறவு வெச்சுக்கிட்டேன், நாலு நாளா எரியுது, சீழ் வருது" என்று சொல்லிவிட்டால் வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. வாய்வழியா, ஆசனவழியா என்றும் சொல்ல வேண்டும், எங்கே மாதிரி எடுப்பது என்பது அதை வைத்துத்தான். அவர் இதை நாள் முழுக்கக் கேட்கிறவர், உங்கள் கதை அவருக்குப் புதிதல்ல. அதட்டிப் பேசும் டாக்டரும் இருக்கலாம், அப்படி மாட்டினால் வேறொருவரைப் பாருங்கள், வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள்.

சீழைத் தொட்டு ஒரு கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வெள்ளை அணுவுக்குள்ளே இளஞ்சிவப்பாக, இரண்டு காபிக்கொட்டையை முகத்துக்கு முகம் வைத்த மாதிரி ஜோடி ஜோடியாகக் கிருமி உட்கார்ந்திருக்கும். சீழ் வரும் ஆணுக்கு அதுவே போதும், அன்றைக்கே தெரிந்துவிடும். பெண்களுக்கு இந்த முறையில் நிறையத் தவறிவிடும், அதனால் உள்ளே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் மாதிரியான மரபணுப் பரிசோதனை நல்லது. தனியார் லேபில் "யூரின் கல்ச்சர்" (சிறுநீரை ஒரு தட்டில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாதாரண யூரின் கல்ச்சர் தட்டில் கொனோரியா வளராது, அதற்குத் தனி ஊடகம் வேண்டும். ரிப்போர்ட் நார்மல், ஆளுக்கு நோய் என்பது இதில் சகஜம். அதே கையோடு ஹெச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்று வந்த வழியில் இன்னொன்றும் வரும், கொனோரியா இருக்கும்போது ஹெச்ஐவி தொற்றுவது இன்னும் சுலபம். சந்தேகமான உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் ஹெச்ஐவி தடுப்பு மருந்து பற்றி அன்றைக்கே கேளுங்கள்.

மருந்து

பல நாடுகளில் இப்போது கொடுப்பது செஃப்ட்ரியாக்சோன், ஒரே ஒரு ஊசி, இடுப்பில். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். கிளமிடியா என்ற இன்னொரு தொற்றும் கூடவே வருவது வழக்கம் என்பதால் அதற்கு டாக்சிசைக்ளின் ஏழு நாள் கொடுப்பார்கள். நம் அரசு மையங்களில் பல வருஷமாகக் கொடுத்துவருவது சாம்பல் நிறப் பாக்கெட், அதற்குள் செஃபிக்சிம் 400 மில்லிகிராம், அசித்ரோமைசின் 1 கிராம், அங்கேயே அவர்கள் முன்னாலேயே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். பெயரெல்லாம் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதைச் சீட்டில் எழுதிக் கடையில் நீட்டாதீர்கள். உங்களுக்கு எது, எவ்வளவு என்று முடிவு செய்வது டாக்டர். பென்சிலின் அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பமாக இருந்தால் டாக்சிசைக்ளின் கூடாது என்பதால் அதையும்.

ஊசி போட்டபின் ஏழு நாள் உறவு கூடாது, காண்டம் போட்டுக்கூடக் கூடாது. துணைக்கும் வைத்தியம் முடிந்து ஏழு நாள் ஆகும்வரை அதே கட்டுப்பாடு. இல்லையென்றால் நீங்கள் கொடுத்ததை அவரிடமிருந்து நீங்களே திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பெல்லாம் இதற்குக் கிடையாது, பத்து முறையும் வரும். மூன்று நான்கு நாளில் சீழ் நிற்கவில்லை என்றால் திரும்பப் போய்க் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், மருந்து கேட்காத கிருமியா என்று அதில்தான் தெரியும்.

வீட்டில் சொல்வது

கடைசி இரண்டு மாதத்தில் யார் யாரோடு உறவு இருந்ததோ அவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது மருத்துவ விதி. வெளியாட்களுக்குப் போனில் சொல்லிவிடலாம். மனைவியிடம் சொல்வதில்தான் ஆட்கள் திணறுகிறார்கள். ஒன்று சொல்லாமலே விடுகிறார்கள், இல்லையென்றால் சத்து மாத்திரை என்று பொய் சொல்லி அவளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது சாமர்த்தியம் மாதிரித் தோன்றும், ஆனால் அவளுக்கு அலர்ஜி இருக்கிறதா, நாள் தள்ளியிருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கருக்குழாய் வரை போயிருந்தால் வைத்தியமே வேறு, இரண்டு வாரம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். நேராகவே சொல்லுங்கள், இந்த மாதிரி:

"இங்க பாரு, எனக்கு ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு. என்கிட்டேர்ந்து உனக்கும் வந்திருக்கலாம். உனக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா விட்டா கர்ப்பப்பையில ஏறிடும்னு டாக்டர் சொல்றாரு. நாளைக்கு ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

கேட்பாள், கேட்கத்தான் செய்வாள். கக்கூஸில் வந்தது, தண்ணீரில் வந்தது என்று கதை கட்டாதீர்கள், மறுநாள் ஆலோசகரிடம் அவள் ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை உடைந்துவிடும். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் மையத்து ஆலோசகரை வைத்துக்கொண்டு சொல்லலாம், அவர்களுக்கு அதில் பழக்கம் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களாக வீட்டுக்குப் போன் போடமாட்டார்கள்.

ஆணுறை பற்றிச் சுருக்கமாக. ஆரம்பம் முதல் முடிவு வரை போட்டிருந்தால் நன்றாகவே தடுக்கும், பாதியில் போடுவது கணக்கில் வராது. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து உட்கார்ந்து நசுக்கியதும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு. தாய்க்கு இருந்தால் பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்குத் தொற்றும். பிறந்த இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் இமை வீங்கிக் கண்ணில் சீழாக ஊற்றினால், தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்காராதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கண்ணின் கருவிழி சில நாளில் ஓட்டையாகிப் பார்வையே போய்விடும். கர்ப்பமாக இருக்கும்போதே சோதித்துக்கொண்டால் இதைத் தடுத்துவிடலாம். இன்னொன்று, சின்னக் குழந்தைக்குப் பிறப்புறுப்பில் சீழ் வந்து அது கொனோரியா என்று தெரிந்தால், அழுக்குத் துணியால் வந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யாரோ அந்தக் குழந்தையிடம் தவறாக நடந்திருக்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

வைத்தியம் முடிந்தவர்கள் மூன்று மாதம் கழித்து ஒருமுறை திரும்பச் சோதித்துக்கொள்ளுங்கள், அந்தச் சமயத்திலேயே ஹெச்ஐவி, சிபிலிஸ் இரண்டையும் மறுபடி பார்த்துவிடலாம். தொண்டையில் வந்தவர்களுக்கு மட்டும் கொனோரியா மறுசோதனை ஒன்றிரண்டு வாரத்திலேயே வேண்டும், தொண்டையில் இருப்பது மற்ற இடங்களைப் போலச் சுலபமாகப் போகாது.